ஸ்கேன் காணும்

போன மாதம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தென் லண்டனில் நான் இருபத்திரண்டு வருடம் செயலாளராக இருந்த சிறிய கால்பந்துக் கழகத்தில், இப்போது என் நாற்காலியில் இருக்கும் பெண் அனுப்பியிருந்தார். அணியின் சிறந்த ஆட்டக்காரருக்கு இருபத்தெட்டு வயது. பயிற்சியாளர் அவருக்கு மூன்று வருட ஒப்பந்தம் கேட்கிறார். புதிதாக வாங்கிய கணினி நிரல், ஒரு வருடத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. உங்கள் காலத்தில் இதை எப்படி முடிவு செய்தீர்கள் என்பது கேள்வி.

இரண்டு வரியில் பதில் போட்டேன். கோப்பை முழுவதும் வாசியுங்கள். வாசித்ததை எழுதியவரிடமே கேட்டு உறுதிசெய்யுங்கள். அனுப்பிய பிறகுதான், இரண்டாவது வரி அவருக்குச் சாதாரண அறிவுரையாகத் தெரியும் என்று தோன்றியது. அது சாதாரண அறிவுரை அல்ல. அந்த வரியைக் கற்றுக்கொள்வதற்கு எனக்கு ஒரு செவ்வாய்க்கிழமையில் இருந்து வியாழக்கிழமை மாலை வரை பிடித்தது. ஒரு மனிதனின் பிழைப்பு அந்த மூன்று நாளும் என் பென்சில் எழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நாட்குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பேச்சுகள் அன்றன்று குறித்துவைத்தபடி.

முதலில் நான் அந்த வேலைக்கு வந்த கதை. எனக்குக் கால்பந்து தெரியாது. நெதர்லாந்தில் ஒன்பது வருடம் பூ ஏலக் கூடத்தில் பெட்டிகளுக்கு இலக்கம் எழுதினேன். பிறகு குடும்பத்தோடு லண்டனுக்கு மாறி வந்து, கழகத்தின் பாரில் கிளாஸ் கழுவினேன். எந்தக் கிளாஸ் எப்போது உடைந்தது என்று ஒரு கொப்பியில் எழுதிவைப்பேன். பாரில் எல்லோருக்கும் அது பகிடி. அந்தப் பருவத்தில் பழைய செயலாளர் ஒரு ஆட்டக்காரரின் பதிவுப் படிவத்தை ஒரு நாள் பிந்தி அனுப்பியதால் லீக் எங்களுக்குப் புள்ளிகளைக் கழித்துவிட்டது. தலைவர் பாருக்கு வந்து, "இந்தக் கட்டடத்தில் திகதி எழுதத் தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்துக்கொண்டே என்னைக் காட்டினார்கள். மற்றதெல்லாம் செய்து பழகியது.

தலைவர் மிஸ்டர் பெல்லமி. எங்கள் ஆட்கள் சீலன் என்று கூப்பிடும் என்னை, முழுப் பெயரின் முதல் எழுத்தால் ஜே என்பார். கூரை போடும் தொழில் செய்து ஓய்வு பெற்றவர். எங்கள் மைதானத்தின் கூரை அவர் கையால் போட்டது. அவர் கூட்டங்களில் எதையும் வாசிக்கமாட்டார். நான் உரத்து வாசிக்க வேண்டும். அவர் கோட்டைக் கழற்றாமல், இரண்டு கைகளையும் பைக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மனதில் எங்காவது இடறினால் கண்ணைத் திறப்பார். திறந்தால் நான் நிறுத்த வேண்டும். அவர் யோசித்து முடித்துத் திரும்பவும் மூடினால் தொடரலாம். புதிதாகக் குழுவுக்கு வந்த ஒருவர் அவர் தூங்குகிறார் என்று நினைத்து, பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாக ஏதோ சொல்லிச் சிரித்தார். மிஸ்டர் பெல்லமி கண்ணைத் திறக்காமலே, "ஏழாவது பந்தியில் 'அல்லது' என்று வந்தது. அதற்குப் பிறகு என்ன வந்தது?" என்று அவரிடம் கேட்டார்.

ஒப்பந்தம் கையெழுத்தாகும்போதும் இதே முறைதான். பதினான்கு பக்கத்தையும் ஆட்டக்காரரின் முன்னால் நான் வாசிக்க வேண்டும். நாற்பது நிமிடம் எடுக்கும். "கேட்காத வசனத்துக்குக் கீழே ஒருவன் கையெழுத்துப் போடக்கூடாது" என்பார். பெரிய கழகங்களில் இருந்து வந்த பொடியன்கள் நெளிவார்கள். அவர் அசையமாட்டார்.

கோப்புகள் என் பொறுப்பு. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒன்று. வெள்ளைத் தாள் பதிவு, மஞ்சள் ஒப்பந்தம், நீலம் மருத்துவம். ஸ்கேன் பதிந்த குறுந்தட்டுகளும் வைத்தியசாலைக் கடிதங்களும் கோப்பில் இருக்காது. அவை என் அறையில் இரும்பு அலுமாரிக்குள். பூட்டும் திறப்பும் என்னிடம். நீலத் தாளின் ஓரத்தில் நான் பென்சிலால் சிறு குறிப்புகள் எழுதுவேன், தமிழில். குழு உறுப்பினர்கள் கோப்பைத் தூக்கிப் புரட்டுவார்கள். ஒருவரின் உடம்பைப் பற்றி எல்லோரும் வாசிக்கத் தேவையில்லை. அந்தக் கட்டடத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பதினெட்டு வருடம் அப்படித்தான் இருந்தது.

நட்சத்திரத்துக்கு அள்ளிக் கொடுப்பதா, விட்டுவிடுவதா என்ற கேள்வி எங்களுக்குப் புதிது அல்ல. நான் சொல்ல வந்த நிரோஜனுக்கு முன்னால் இரண்டு பேர். கோல் அடிக்கும் டெரிக்குக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுத்தோம். இரண்டாவது வருடமே தசைநார் அறுந்தது. அந்தக் குளிர்காலம் மைதான விளக்குகளைத் திருத்தக் காசில்லாமல் பகலிலேயே ஆட்டங்களை வைத்தோம். அடுத்தவர் ஓவன். அவருக்கு முப்பது வயது, கால் தேய்ந்துவிட்டது என்று விட்டோம். அவர் பக்கத்து ஊர்க் கழகத்துக்குப் போய் நான்கு வருடம் ஆடினார். எங்களுக்கு எதிராக அடித்த கோல்களை நான் எழுதிவைத்திருக்கிறேன். இங்கே சொல்லவில்லை. ஆக, இரண்டு பக்கமும் மிஸ்டர் பெல்லமி அடிபட்டவர்.

நிரோஜன் விங்கர். வலது கோட்டோரமாகப் பந்தைக் கொண்டு ஓடி, உள்ளே நிற்பவர்களுக்கு அனுப்புவது வேலை. அவர் ஓடத் தொடங்கினால் எதிரணிக்காரர் இரண்டு அடி துரத்திவிட்டு, நடுவரைப் பார்த்துக் கையைத் தூக்குவார்கள். தென் லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் பிறந்து வளர்ந்த பொடியன். அப்போது இருபத்தேழு வயது. எங்களைப் போன்ற கழகத்தில் பந்து மட்டும் ஆடிச் சீவிக்க முடியாது. அதனால் விடியற்காலை பார்சல் டிப்போவில் பெட்டி தூக்கிவிட்டு, மாலையில் பயிற்சிக்கு வருவார். மனைவி கயல் முதல் பிள்ளைக்கு எட்டாம் மாதக் கர்ப்பிணி.

அந்த வசந்தத்தில் அவருடைய ஒப்பந்தம் முடியவிருந்தது. பயிற்சியாளரின் யோசனை இதுதான்: மூன்று வருடம் கொடுப்போம், அதோடு வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குப் பந்து பழக்கும் வேலையையும் சேர்ப்போம், அவர் டிப்போவை விட்டுவிடலாம். அதே நேரம் டிப்போவிலும் அவரை மேற்பார்வையாளராக்கக் கேட்டிருந்தார்கள். அது சனிக்கிழமையும் செய்ய வேண்டிய வேலை. சனிக்கிழமை வேலை என்றால் ஆட்டம் இல்லை. வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

தடை அவருடைய முழங்கால். பத்தொன்பது வயதில் ஒருமுறை வெட்டித் தைத்தது. முந்திய டிசம்பரில் ஸ்கேன் எடுத்தோம். அப்போது காயங்களைப் பார்க்கும் பழைய பிசியோ விலகிப் போயிருந்தார், புதியவர் வரவில்லை. அதனால் நிரோஜனின் சம்மதத்தோடு சத்திரசிகிச்சை நிபுணர் எனக்கே தொலைபேசியில் சொன்னார்: முழங்கால் நல்ல நிலையில் இருக்கிறது, இந்த ஸ்கேன் போதும், ஒப்பந்தத்துக்காக இன்னொன்று எடுக்கத் தேவையில்லை. ஸ்கேன் குறுந்தட்டை உறையில் போட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். நீலத் தாளில் 'ஸ்கேன்' என்று அச்சிட்ட வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் இரண்டு சொல் எழுதினேன். திகதியும் போட்டேன்.

ஏப்ரலில் என் அண்ணனின் மகளுக்கு ரொட்டர்டாமில் கல்யாணம். எட்டு நாள் லீவு. நான் இல்லாத கிழமையில் குழு கூடி நிரோஜனைப் பற்றி முடிவெடுத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை திரும்பி வந்து அறையைத் திறந்து, கோட்டைக் கழற்றுவதற்குள் தவராசா அண்ணை உள்ளே வந்தார். நிரோஜனின் தகப்பன். சட்டன் பக்கம் பஸ் ஓட்டுபவர். ஷிப்ட் இடைவெளியில் வந்திருந்தார், சீருடையோடு.

"இருங்கோ அண்ணை."

"நான் இருக்க வரேல்லை, தம்பி. ஒரு கேள்வி. கேட்டிட்டுப் போறன்." மடித்த தாள் ஒன்றை மேசையில் விரித்தார். "என்ர பிள்ளை ஸ்கேனை ஒளிச்சவனாம். இங்கிலீசிலை வடிவா எழுதியிருக்கினம். நீர் படிச்ச மனுசன், வாசிச்சுப் போட்டு அப்பிடித்தானோ எண்டு சொல்லும்."

கழகம் அனுப்பிய மின்னஞ்சல் அது. அண்மைக்கால ஸ்கேன் ஆட்டக்காரரால் சமர்ப்பிக்கப்படாதபடியால் மூன்று வருட ஒப்பந்தம் பரிசீலிக்கப்படமாட்டாது. ஒரு வருடம் தரலாம், ஆடிய ஆட்டத்துக்கு மட்டும் கொடுப்பனவு. பள்ளிக்கூட வேலை இல்லை.

"நிரோ என்ன சொல்லுறான்?"

"என்னத்தைச் சொல்லுறது? எல்லாத்தையும் கிளப் ஆக்களிட்டைத்தானே குடுத்தனான் எண்டான். கோச்சைக் கேட்டால், சீலன் வரட்டும், திறப்பு அவரிட்டை எண்டிட்டாராம். பிறகு வாய் திறக்கேல்லை. டிப்போவுக்கு ஓம் சொல்லப் போறன் எண்டு மட்டும் கயலுக்குச் சொல்லியிருக்கிறான்." அவர் தொப்பியைக் கையில் திருப்பினார். "காசைப் பற்றி நான் கதைக்கேல்லை, தம்பி. உழைக்கிற பிள்ளை, எங்கையும் உழைப்பான். ஆனா இருபத்தாறு வருசம் பஸ் ஓட்டுறன். ரிக்கெற் காட் வேலை செய்யாமல் ஏறுற சனத்தையே நான் கள்ளர் எண்டு சொன்னதில்லை. என்ர பிள்ளை கள்ளன் எண்ட பேரோடை இந்தக் கேற்றாலை வெளியிலை போக ஏலாது."

நான் திறப்பை எடுத்து அலுமாரியைத் திறந்தேன். உறை நான் வைத்த இடத்திலேயே இருந்தது. பெயர், திகதி, என் கையெழுத்து. மேசையில் வைத்தேன்.

"இது என்ன?"

"ஸ்கேன், அண்ணை."

"அப்ப இருக்குது."

"இருக்குது."

"அப்ப ஆர் இல்லையெண்டது?"

"தெரியேல்லை. பின்னேரத்துக்குள்ள கண்டுபிடிச்சுச் சொல்லுறன்."

அவர் உறையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

குழு அந்த முடிவை எடுத்தது பிசியோவின் அறிக்கையை வைத்து. புதிய பிசியோ பெப்ரவரியில் வந்த செல்வி. திருநெல்வேலிக்காரர். கெட்டிக்காரி, நேர்மையானவர். எனக்குத் தமிழில் கதைக்க ஆள் கிடைத்ததில் பெரிய சந்தோசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக்கூடக் கூப்பிட்டிருந்தேன். சிகிச்சை அறைக்குப் போனேன். அவர் பட்டிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"செல்வி, நிரோவின்ர ஸ்கேன் இல்லையெண்டு ஏன் எழுதினனீங்கள்?"

"நீங்கதான சார் எழுதிருக்கீங்க."

"நானோ?"

"ஆமா. புளூ ஷீட்ல, பென்சில்ல. நீங்க லீவுல இருந்தீங்க, ஃபோன் பண்ணித் தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டேன். அதான் தெளிவா எழுதிருக்கீங்களே."

"என்ன எழுதியிருக்கிறன்?"

"ஸ்கேன் காணும்னு."

"ஓம். காணும் எண்டுதான் எழுதினனான்."

"அதத்தான் சார் நானும் சொல்றேன். காணும்."

"காணும் எண்டால் பிறகேன் இல்லையெண்டு எழுதினீங்கள்?"

அவர் சுருட்டிய பட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கல்யாண வீட்டுக் களைப்பு எனக்கு இன்னும் தீரவில்லை என்று நினைத்திருப்பார். ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "சார். பேனாவக் காணும். பர்ஸக் காணும். ஸ்கேனக் காணும். தொலைஞ்சு போச்சுன்னு அர்த்தம்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மெதுவாகச் சொன்னேன்: "செல்வி, எங்கட பக்கம் காணும் எண்டால் போதும் எண்டு அர்த்தம். சோறு போடேக்குள்ள காணும், காணும் எண்டு சொல்லுவம்."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "அன்னைக்கு உங்க வீட்டுல சாப்பிடும்போது, அக்கா கறி ஊத்த வந்தப்ப நீங்க தட்டுக்கு மேல கைய வச்சுக்கிட்டு காணும், காணும்னீங்களே" என்றார்.

"ஓம்."

"கரண்டி எதுவும் விழுந்துருச்சோன்னு நான் மேஜைக்கு அடியில குனிஞ்சு பாத்தேன் சார்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. "நான் உங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் சார்" என்றார். கேட்டிருக்கலாம்தான். ஆனால் ஒருவருக்கு மட்டும் விளங்கும்படி ஒரு கோப்பில் எழுதிவைத்தவன் நான். பிசியோ வாசிக்க வேண்டிய தாளில், எந்த ஊர்த் தமிழ் என்று பாராமல் எழுதியதும் நான். அவர் அறிக்கையில் 'ஸ்கேன் கிடைக்கவில்லை' என்று மட்டும் எழுதினார். நான் இல்லாத கூட்டத்தில் அது வாய்க்கு வாய் மாறி, 'ஆட்டக்காரர் சமர்ப்பிக்கவில்லை' ஆகிவிட்டது. தவராசா அண்ணைக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "இதை அந்த வெள்ளைக்காரனுக்கு எப்பிடி விளங்கப்படுத்தப் போறீர்?" என்று கேட்டார்.

புதன்கிழமை காலை விளங்கப்படுத்தினேன். மிஸ்டர் பெல்லமி கோட்டோடு வந்து இருந்தார். நான் கூட்டக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, எழுதிக்கொண்டு வந்த திருத்தத்தை வாசித்தேன். தவறு செயலாளருடையது, பிசியோவுடையது அல்ல, ஆட்டக்காரருடையது அல்ல என்ற வசனம் அதில் இருந்தது. அந்தச் சொல்லின் இரண்டு அர்த்தமும் வந்த இடத்தில் அவர் கண்ணைத் திறந்தார்.

"ஒரே சொல்தானா?"

"ஒரே சொல்தான்."

"போதும் என்பதற்கும், தொலைந்துவிட்டது என்பதற்கும்."

"ஆம்."

"அப்படியென்றால் நீங்கள் எல்லோரும் கடையில் அரிசி எப்படி வாங்குகிறீர்கள், ஜே?"

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். பகிடி வந்ததும் தோள் தளர்ந்தது. ஆனால் அவர் கண்ணை மூடவில்லை. "சரி, பொடியன் நேர்மையானவன். கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்போம். பெயர் சுத்தமாகிவிட்டது. ஆனால் ஒப்பந்தம் வேறு விஷயம். ஸ்கேன் இன்றைய காலைக் காட்டும். மூன்றாவது வருடத்துக் காலைக் காட்டாது. வேகம் மட்டும்தான் அவன் சொத்து. வேகக்காரனின் கால்தான் முதலில் போகும். டெரிக்கை நான் மறக்கவில்லை. தேயப்போகிற காலுக்கு ஏன் மூன்று வருடம் கொடுக்க வேண்டும்?"

எனக்கு வாதாட வராது. வாசிக்கத்தான் தெரியும். "நாட்குறிப்பில் இருந்து சில இடங்களை வாசிக்கலாமா?" என்று கேட்டேன். கைகளைப் பைக்குள் விட்டுக் கண்ணை மூடினார்.

முந்திய இரவு நாட்குறிப்பைப் புரட்டி, நிரோஜனின் முழங்கால் வரும் பக்கங்களில் கடதாசித் துண்டு வைத்திருந்தேன். ஏழு இடம். ஒவ்வொன்றாக வாசித்தேன். நவம்பர், சனி, மழை. இடைவேளையில் வலது முழங்கால் வீக்கம். பயிற்சியாளர் ஆட முடியுமா என்று கேட்டார். பட்டி சுற்றிக்கொண்டு முழுவதும் ஆடினார். வென்றோம். கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள். ஐஸ் பையோடு வந்து இருந்தார். ஓய்வு என்று எழுதியிருந்தோம். இன்னொருவருக்குக் காய்ச்சல் என்றபடியால் இறக்கினோம். ஜனவரி, தரை இறுகியிருந்தது. ஆட்டம் முடிந்து படியில் இறங்க ஏலாமல் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கேட்டதற்கு ஒன்றும் இல்லை என்றார்.

ஆறாவது குறிப்பு மார்ச் மாதத்தது. அதை வாசிக்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் நடுவில் ஒன்றை விட்டால் அது வாசிப்பு அல்ல. "சேறு. எழுபதாவது நிமிடத்தில் நிரோஜன் தன்னை மாற்றச் சொல்லிக் கையைக் காட்டினார். கோட்டோரத்துக்கு மிஸ்டர் பெல்லமி வந்து, இன்னும் இருபது நிமிடம் தாங்குவாயா என்று கேட்டார். நிரோஜன் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனார். இந்தப் பிரிவிலேயே நின்றோம்."

கண் திறந்தது. நான் நிறுத்தினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, சன்னலுக்கு வெளியே புல்லைப் பார்த்தார். அந்த ஆட்டத்தில் தோற்றிருந்தால் நாங்கள் கீழ்ப் பிரிவுக்குப் போயிருப்போம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியவில்லை. நேரம் குறிக்காமல் விட்ட ஓரிரு சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

"நான் கேட்டது ஞாபகம் இருக்கிறது" என்றார். "அவன் என்ன பதில் சொன்னான் என்பது ஞாபகம் இல்லை."

"பதில் சொல்லவில்லை. தலையை ஆட்டினார்."

"ஏழாவதை வாசிக்க வேண்டாம். மூன்று வருடம் என்று எழுதுங்கள். பள்ளிக்கூட வேலையும். காயப்பட்டாலும் முழுச் சம்பளம் என்ற பந்தியைச் சேருங்கள்."

இந்த இடத்தில் வாசிப்பவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். முழங்கால் மூன்று வருடம் தாங்கவில்லை. இரண்டு வருடமும் ஏழு மாதமும் தாங்கியது. கடைசி ஐந்து மாதம் நிரோஜன் கோட்டுக்கு வெளியே இருந்தார், கழகம் கொடுத்தது. பிறகு குழுவுக்கு வந்த ஒருவர், ஐந்து மாதம் வீண் என்று என்னிடம் சொன்னார். கணினி நிரலும் அதைத்தான் சொல்லும், கணக்கில் பிழை இருக்காது. ஆனால் அந்த நிரல் இனித் தேயப்போவதைத்தான் எண்ணுகிறது. ஏற்கனவே தேய்ந்தது எங்கள் சேற்றில், நாங்கள் கேட்டதால் என்பது அதற்குள் இல்லை. என் நிலைப்பாடு இதுதான்: ஒரு கழகம் தன் நட்சத்திரத்துக்குக் கொடுக்க வேண்டுமா என்றால், எல்லோருக்கும் எப்போதும் கொடுக்க முடியாது. டெரிக்குக்குக் கொடுத்தது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் தாங்குவாயா என்று யாரைக் கேட்டோமோ, அவருடைய கோப்பை வேறுவிதமாக வாசிக்க வேண்டும்.

இனி வியாழக்கிழமை. கையெழுத்து மூன்று மணிக்கு என்று சொல்லியிருந்தேன். செல்வியின் தமிழில் சொன்னால், மூன்றரைக்கும் நிரோஜனைக் காணும். ட்ராம் எங்கேயோ நின்றுவிட்டது. நாலு மணி பத்து நிமிடத்துக்கு வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். தவராசா அண்ணை ஏற்கனவே வந்து, சீருடையோடு சுவர்ப் பக்கம் இருந்தார்.

"சொறி அங்கிள். மிச்சத்திலை இருந்து ஓடி வந்தனான்."

"முழங்காலோடையோ?" என்று கேட்டார் தகப்பன்.

மிஸ்டர் பெல்லமி எழுந்து நின்று, மின்னஞ்சலில் எழுதியது தவறு, அதற்குக் கழகம் வருந்துகிறது என்று சொல்லிக் கையைக் கொடுத்தார். தகப்பனுக்கும் கொடுத்தார். பிறகு உட்கார்ந்து, கோட்டுப் பைக்குள் கைகளை விட்டார். "வாசியுங்கள், ஜே."

டிப்போவுக்குப் பதில் சொல்ல ஐம்பது நிமிடம் இருந்தது. வாசிக்க நாற்பது நிமிடம். நான் முக்கியமான பந்திகளை மட்டும் வாசிக்கட்டுமா என்று கேட்டேன். அவர் மூடிய கண்ணோடு தலையை இல்லை என்று ஆட்டினார். வேகமாக வாசித்தேன். இரண்டாம் பக்கத்திலேயே கண் திறந்தது. "மெதுவாக."

காயம் பற்றிய பந்தி வந்தபோது தவராசா அண்ணை கையைத் தூக்கினார். "தம்பி, இதைத் தமிழிலை சொல்லும். கால் போனால் என்ன செய்வினம்?"

"குடுப்பினம், அண்ணை. ஒப்பந்தம் முடியிற கடைசி நாள் வரைக்கும்."

"முழுசாவோ?"

"முழுசா."

"எங்கை எழுதியிருக்கு? காட்டும்." வந்து குனிந்து, வரியின் கீழே விரலை ஓட்டினார். மிஸ்டர் பெல்லமி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். ஏன் இடைமறித்தார் என்று கேட்கவில்லை. அண்ணை திரும்பிப் போய் உட்காரும் வரை காத்திருந்துவிட்டு மூடினார்.

நிரோஜன் மணிக்கூட்டைப் பார்க்கவே இல்லை. நான்தான் பக்கத்துக்குப் பக்கம் பார்த்தேன். கையெழுத்துப் போடும்போது ஐந்துக்கு ஆறு நிமிடம். சாட்சியாகச் செல்வி போட்டார். போட்ட பிறகு என்னிடம், "சார், இதுல பென்சில்ல எதுவும் எழுதிடாதீங்க" என்றார்.

நிரோஜன் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கோட்டோரமாக நடந்துகொண்டே பேசுவது சன்னலில் தெரிந்தது. கொடி நடும் மூலை வரை போனார், திரும்பினார், இன்னும் பேசினார். வேலையை விடுகிறேன் என்று சொல்ல அவ்வளவு நேரம் எடுக்காது. தகப்பன் எழுந்து சன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

உள்ளே வந்தார்.

"சொல்லியிட்டியோ?"

"ஓம் அப்பா. சொல்லியிட்டன். ஓகே எண்டிட்டினம்."

"பிறகென்ன இவ்வளவு நேரம்?"

"நாளைக்கு விடிய ரெண்டு பேர் லீவாம். ஆள் குறையுதாம். கடைசியா ஒருக்கா வர ஏலுமோ எண்டு கேட்டினம்."

"நீ என்ன சொன்னனீ?"

"வாறன் எண்டு சொல்லிப்போட்டன்."

"விசரா" என்றார் தகப்பன். ஆனால் தொப்பியைப் போட்டுக்கொண்டு, மகனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனார்.

மிஸ்டர் பெல்லமி என்ன பேச்சு என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுந்து கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார்.

"அப்படியென்றால் நாளைப் பயிற்சிக்குக் களைத்துப்போய்த்தான் வருவான். பயிற்சியாளரிடம் சொல்லி வையுங்கள், அவனை ஓட விட வேண்டாம் என்று."

நான் அதை எழுதிக்கொண்டேன். மையால், ஆங்கிலத்தில்.